இரவு விளக்கும் மனநோயும்



மனநோயாளிகளுக்காகத் தவறாமல் ஜெபித்துவரும் உங்களிடம், அவர்கள் படுக்கும் அறையின் விளக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் வியப்படைவீர்கள். இம்மாத மருத்துவப் பாடம் அதைப் பற்றியதே.

மூளையின் நடுவில் பட்டாணியிலும் சிறிய பினியல் சுரப்பி இருக்கிறது. இருட்டியதும் அது மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அது குறைகிறது. 1980-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் லூயியும் அவருடைய குழுவினரும் 2500 லக்ஸ் ஒளி மனிதரின் மெலடோனினை அடக்குவதைக் காட்டினார்கள். 500 லக்ஸ் ஒளிக்கு அத்தனை வலிமை இல்லை. ஆனால் அளவற்ற உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோயாளிகள் சிலரிடம் அந்த 500 லக்ஸ் ஒளியே மற்றவர்களைவிட அதிகமாக மெலடோனினைக் குறைத்தது என்று 1981-இல் அதே குழு எழுதியது. பிந்தைய ஆய்வுகள் அனைத்தும் இதற்கு ஒத்துப்போகவில்லை. ஆகவே எல்லா நோயாளிக்கும் இது பொருந்தும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

குளிர்நாடுகளில் பகல் சுருங்கும்போது சிலருக்கு மனச்சோர்வு வருகிறது. சென்னையிலோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். பள்ளிக்கரணையில் எங்களைக் கவலைப்படுத்துவது இரவில் இருளே இல்லாமற்போவதுதான். வேளச்சேரி–தாம்பரம் சாலை விடியவிடிய வெளிச்சமாயிருக்கிறது. ஒரே அறையுள்ள வீட்டில் பிள்ளை படிக்க டியூப் லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது, நோயாளியும் அங்கேதான் படுக்கவேண்டும். சில இரவுகள் தூக்கம் கெட்டாலே மேனியா என்னும் மிகை எழுச்சி தொடங்கிவிடக்கூடும். பேய் பிடித்தது என்று எண்ணி அலைந்து, நாட்களையும் பணத்தையும் இழந்தபின் வருகிறவர்கள் இன்றும் உண்டு.

நார்வே நாட்டு மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மேனியா நோயாளிகள் வழக்கமான மருந்துகளோடு மாலை 6 மணிமுதல் காலை 8 மணிவரை ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்தார்கள். அது நீல ஒளியைத் தடுக்கும். ஏழே நாட்களில், சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களைவிட அவர்கள் நன்றாகத் தணிந்தார்கள். சிறிய ஆய்வுதான், எனினும் நம்பிக்கையளிக்கிறது.

எனவே நோயாளி வீட்டில் இருந்தால் இரவு 9 மணிக்குமேல் பெரிய விளக்கை அணைத்து, மங்கலான மஞ்சள் விளக்கைத் தாழ்வாக வையுங்கள். ஜன்னலுக்குப் பழைய சேலையை இரட்டையாக மடித்துத் திரையிடலாம். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். மருந்தை ஒருபோதும் நிறுத்தவேண்டாம். காலையில் பிரகாசமான விளக்கின்முன் உட்காரும் சிகிச்சை சிலருக்கு மேனியாவைத் தூண்டியதுண்டு. மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக்கூடாது. நோயுற்ற பிள்ளைகளோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார்களையும் உங்கள் ஜெபத்தில் நினைவுகூருங்கள்.