மழைக்காலத்தில் கடைக்கால் போடுவோருக்கு



ஐப்பசி, கார்த்திகையில் வீட்டு வேலை தொடங்காதீர்கள் என்று சொல்வது எளிது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், பழைய ஓட்டு வீட்டை இடித்தாயிற்று, ஜகாத் நிதியிலிருந்து முதல் தவணையும் வந்துவிட்டது என்றால் யார் தை மாதம் வரை காத்திருப்பார்கள்? மழையிலும் வேலை நடக்கத்தான் செய்யும். ஆனால் கடைக்கால் குழியில் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வீட்டுக்காரர் குழியருகே நிற்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வானம் தோண்டி இரண்டு நாள் ஆகிறது. இரவு மழை பெய்து குழியில் முழங்கால் அளவு தண்ணீர். காலையில் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, "அடி மண்ணு கெட்டிதானுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்கிறார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை. தோண்டிய அன்று அது கெட்டி மண்தான். ஆனால் இரவெல்லாம் நீரில் ஊறிய மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலம் குழைந்து சேறாகியிருக்கும். தண்ணீர் போய்விட்டது, சேறு போகவில்லை. அதன்மேல் கான்கிரீட் போட்டாலும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவர் எழும்பி, கூரை ஏறி, முழு பாரம் இறங்கிய பிறகு சேறு இருந்த குழி மட்டும் பக்கத்துக் குழியைவிடக் கூடுதலாக அமுங்கும். அடுத்த வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். அப்போது மேஸ்திரி வேறு ஊரில் வேலையில் இருப்பார்.

எனவே சேற்றை வழித்து வெளியே எடுக்க வேண்டும். 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைக் குழியின் நான்கு மூலையிலும் நடுவிலும் கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே எளிதாக இறங்குகிறதோ அங்கே இன்னும் வெட்டுங்கள். வெட்டியதால் கூடிய ஆழத்தை வெளியே குவித்த மண்ணைப் போட்டு நிரப்ப விடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஈர மண்ணைத் திமிசுக் கட்டையால் எவ்வளவு இடித்தாலும் அது பழைய கெட்டிக்கு வராது. 1:4:8 கலவையில் 40 மி.மீ. ஜல்லி போட்ட பி.சி.சி.யைக் கூடுதல் கனத்துக்குப் போடுவதே சரி. நான்கு அடிக்கு நான்கு அடியில் எட்டுக் குழிகள், ஒவ்வொன்றிலும் மூன்று அங்குலம் கூடுதல் என்றால் மொத்தம் 32 கன அடி. சிமென்ட் மூன்று மூட்டைக்குச் சற்று மேல். பின்னால் விரிசலுக்குச் செய்யும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

இந்த வேலையே வராமல் தடுக்கவும் வழி உண்டு. கடைசி அரை அடியைத் தோண்டாமல் விட்டுவையுங்கள். கான்கிரீட் போடும் அன்று காலையில் அதை வெட்டி எடுத்துவிட்டு உடனே பி.சி.சி. போட்டுவிடலாம். பி.சி.சி. இறுகிவிட்டால் அடுத்த மழை அடி மண்ணைச் சேறாக்காது. கம்பி கட்டுவது நான்கு நாள் தள்ளினாலும் பரவாயில்லை. சூலூர், பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் இதை அவசியம் செய்யுங்கள். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதையும் அங்கே பொறியாளரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

குளத்தை ஒட்டிய இடங்களில் இறைக்க இறைக்க ஊறும். அதற்குக் கடைக்கால் பரப்புக்கு வெளியே ஒரு மூலையில் சின்னக் குழி பறித்து, அதிலிருந்து இறைக்க வேண்டும். கான்கிரீட் போட்ட இடத்திலேயே குழாயை வைத்தால் தண்ணீரோடு சிமென்ட் பாலும் போய்விடும். தேங்கிய தண்ணீர் மேல் வெறும் சிமென்டைத் தூவி "அது இழுத்துக்குமுங்க" என்பார்கள். இழுக்காது.

அத்தவ்பா அத்தியாயத்தின் 109ஆம் வசனத்தில், அரித்துப்போன கரையின் விளிம்பில் எழுப்பிய கட்டடம் உவமையாக வருகிறது. அங்கே பேச்சு உள்ளத்தைப் பற்றியது. ஆனாலும் மழைக்காலத்தில் குழி ஓரத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த உவமை நினைவுக்கு வருகிறது.

ஓரம் என்றதும் பக்கத்துச் சுவரைச் சொல்ல வேண்டும். ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் இடங்களில் அடுத்த வீட்டுச் சுவரை உரசித்தான் தோண்டுகிறோம். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையின்போது சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே யாரும் கடைக்கால் தோண்டவில்லை. ஆனால் மழையில் ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பழைய சுவரோரம் முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாதீர்கள். மூன்று நான்கு அடியாகத் தோண்டி, போட்டு, பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். எடுத்த மண்ணைக் குழி விளிம்பிலோ சுவர் மேலோ குவிக்கக் கூடாது. மழை இரவில் அந்தச் சுவரோரம் யாரும் படுக்கவும் வேண்டாம். அடுத்த வீட்டாரிடமும் இதை நேரில் சொல்லிவிடுங்கள்.

கலவையிலும் கவனம் தேவை. நனைந்த எம்.சாண்டில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. ஃபூட்டிங் கான்கிரீட்டுக்கு மூட்டைக்கு 27 லிட்டர் வரைதான். மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். கம்பியில் ஒட்டிய சேற்றைக் கழுவி, அடியில் 50 மி.மீ. கவர் பிளாக் வையுங்கள். தார்ப்பாய் முன்பே கையில் இருக்கட்டும்.

நம் உதவியில் கட்டும் வீடுகளுக்குக் குழி பார்க்கக் கட்டட வேலை தெரிந்த தொண்டர் ஒருவர் வருவார், இன்ஷா அல்லாஹ். கட்டணம் இல்லை. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் அஸருக்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அன்றிரவு மழை பெய்தால், காலையில் இன்னொரு முறை கூப்பிடத் தயங்காதீர்கள்.