மயிரிழையில் ஓடும் காலம்

நுழையும்முன்
பட்டிழையின் தரத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிவது காஞ்சிபுரத்து நெசவாளர் திறன். உலோக இழையைப் பார்த்தே இனங்காண்பது கடிகாரம் பழுதுபார்ப்போர் திறன்.

பெங்களூரில் 1961இல் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் 'ஜனதா' கடிகாரத்தில், அசைசக்கரம் மணிக்கு 18,000 முறை அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் அதை நடுநிலைக்கு மீட்பது மயிரிழைச் சுருள்வில். பழுதுபார்ப்போர் இதனை 'ஹேர்ஸ்பிரிங்' என்பர். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1675இல் இதனை உலகுக்கு அறிவித்தார்.

வடிவம்
வில்லைப் பக்கவாட்டில் நோக்குக. சுற்றுகள் அனைத்தும் ஒரே தளத்தில் இருப்பின் அது தட்டைச்சுருள். வெளிச்சுற்று மேலெழுந்து மையம் நோக்கி வளைந்திருப்பின் அது பிரெகே சுருள். பிந்தையது சீராக விரிந்து சுருங்குவதால், கடிகாரம் எந்நிலையில் இருப்பினும் பிழை குறைகிறது.

பொருள்
பழைய வில்கள் பெரும்பாலும் நீலமேற்றிய எஃகாலானவை. எஃகு காந்தமேறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் விரைந்தோடும். வெப்பத்தால் எஃகின் மீட்சி குறையும். பித்தளையும் எஃகும் இணைந்த வெட்டுச்சக்கரம் அதை ஈடுசெய்யும். அச்சக்கரத்தில் பிற்கால உலோகக்கலவை வில்லைப் பொருத்தினால், ஈடே பிழையாகிவிடும். கலவை வில்லுக்கும் நீலமேற்றுவது உண்டு. எனவே நிறத்தோடு சக்கரத்தையும் காண்க. இனமறியாது மாற்றிய வில், ஓடும் கடிகாரத்தையும் பொய்யுரைக்கச் செய்யும்.

கற்பவை கற்றபின்
வில் நீலநிறம், சக்கரத்தில் வெட்டு இல்லை. இவ்வில் எஃகா, கலவையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.