கருவியறைக்குள் நுழையும் பேத்திக்கு

லாங் ஐலண்ட்,
மத்திய அந்தமான்.

என் அருமைப் பேத்திக்கு,



காரைக்குடியில் முதுகலை ரசாயன வகுப்பில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக் கருவியறையை முதன்முதலாகப் பார்த்த அன்றே நீ எழுதிய கடிதத்தைப் படித்துப் பெரிதும் மகிழ்ந்தேன். பள்ளிக்கூடத்தில் அரை நாள் பியூரெட்டைத் திறந்தும் மூடியும் நாம் கண்டதை அங்கே ஒரு கருவி அரை நிமிஷத்தில் எண்ணாக எழுதிக் காட்டிவிடுகிறது என்றும், இனி ரசாயனப் பகுப்பாய்வில் மனிதன் செய்வதற்கு என்னதான் மிச்சம் என்றும் கேட்டிருந்தாய். பள்ளிக்கூடத்து ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் இந்தச் சாஸ்திரத்தைப் படிப்பதை விடாதவன் நான். நீ கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல என்பதால் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

உன் வியப்பு நியாயமானது. இரும்பை வீழ்படிவாக்கி, வடிகட்டி, மூசையிலிட்டுச் சுட்டு, ஆறவைத்துத் தராசில் நிறுத்துப் பார்த்த தலைமுறைகளுக்கு மில்லிகிராமைத் தொடுவதே பெரும் பிரயாசை. தீச்சுடரில் ஆவியாகி நிற்கும் அணுக்கள் தத்தமக்கு உரிய ஒளியை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் சுபாவத்தை அளவு காணும் உபாயமாக மாற்றலாம் என்று ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955-ஆம் ஆண்டில் எழுதிய பிறகு, அந்த எல்லை எங்கோ பின்தங்கிப் போயிற்று. துளித்துளியாக விழும் பாதரசத்தின் வழியே மின்சாரத்தைச் செலுத்திக் கரைசலிலுள்ள உலோகங்களை அடையாளம் காணும் முறையை ஹெய்ரோவ்ஸ்கி பிராகு நகரில் 1922-இல் கண்டதும், இலைப் பச்சையின் நிறங்களைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் ஸ்வெட் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்ததும், இவற்றின் வழித்தோன்றல்களாக இன்று நிற்கும் யந்திரங்களும் உன் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றின் தத்துவங்களை உன் பேராசிரியர்கள் செவ்வனே போதிப்பார்கள். நான் சொல்ல விரும்புவது யந்திரத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றியது.

கருவி என்பது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, கேளாததைப் பற்றி வாய் திறவாத சாட்சியைப் போன்றது. சுடரில் எத்தனை இரும்பு அணுக்கள் இருந்தன என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லும். அந்த இரும்பு கிணற்றிலிருந்து வந்ததா, வாளியிலிருந்து வந்ததா, புட்டியிலிருந்தா, நீ ஊற்றிய அமிலத்திலிருந்தா என்பது அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நீ. அதை அறிவதற்கு வேண்டிய வேலையில் பெரும்பகுதி, மாதிரி கருவியின் வாய்க்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அங்கே தவறியதைப் பிறகு எத்தனை விலையுயர்ந்த யந்திரத்தாலும் மீட்க முடியாது.

இரும்பு கலந்த கிணற்று நீர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறைத்த மாத்திரத்தில் அது பளிங்கு போலத் தெளிந்திருக்கும். ஓர் இரவு குடத்தில் நின்றதும் அடியில் செம்பழுப்பு நிறமாய் மெல்லிய வண்டல் படியும். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இத்தகைய நீரை ஒரு புட்டியில் பிடித்து, இங்கிருந்து படகில் ரங்கத்துக்கும், அங்கிருந்து போர்ட் பிளேருக்கும், பின் மூன்று நாள் கப்பலில் சென்னைக்கும், ரயிலேறிக் காரைக்குடிக்கும் நீ கொண்டுபோய்ச் சேர்ப்பதாக வைத்துக்கொள். மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்து, இரும்பைத் தாழ்ந்த இணைதிறனுக்கு இறக்கி, பினாந்த்ரோலின் சேர்த்து, ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் எழுந்ததும் 510 நானோமீட்டர் ஒளியில் அளப்பாய். கருவி எண் தரும். இரண்டாவது முறையும் அதே எண்ணைத் தரும். நம் கிணற்றில் இரும்பு சொற்பம் என்று நீ எழுதுவாய். இரும்போ புட்டியின் அடியில் கிடக்கும்!

ஆகவே கிணற்றடியிலேயே, நீரைப் பிடித்த அந்தக் கணமே, தூய நைட்ரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டு அதன் பி.எச். மதிப்பை 2-க்குக் கீழே இறக்கிவிட வேண்டும். வடிகட்டிய பின் அமிலம் சேர்த்தாயா, வடிகட்டாமலே சேர்த்தாயா என்பதையும் அங்கேயே எழுதிக்கொள், முன்னது நீரில் கரைந்திருக்கும் இரும்பையும், பின்னது மண்ணும் துகளுமாக மிதப்பவற்றிலிருந்து அமிலம் பிரித்தெடுக்கும் இரும்பையும் சேர்த்துக் காட்டும், இரண்டும் ஒன்றல்ல. துருப்பிடித்த தகர வாளியில் இறைத்த நீரில் வாளியின் இரும்பும் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்னொன்று சொல்லத் தேவை. அதே அமிலத்தைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டு, அதே வகைப் புட்டியில் அடைத்து, அதையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து திறந்து மூடி, அதே படகிலும் கப்பலிலும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். அந்த வெறுமைப் புட்டியில் இரும்பு தென்பட்டால், உன் மற்றப் புட்டிகளிலும் அவ்வளவு இரும்பு கிணற்றினுடையது அல்ல. இதை வீண் சுமை என்று எண்ணும் மாணவர்கள் உண்டு. எனக்கோ, மற்றப் புட்டிகள் எல்லாவற்றுக்கும் பொருள் தருவதே அந்த ஒரு புட்டிதான்.

கடல் நீருக்குப் போனால் சிரமம் பன்மடங்காகிறது. ஒரு லிட்டரில் முப்பது கிராமுக்கு மேல் உப்பு நிற்க, நீ தேடும் ஈயமோ நானோகிராம் கணக்கில் ஒளிந்திருக்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உப்பின் புகையே ஒளியை மறைத்து, இல்லாத ஈயத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். மாதிரி பிடிக்கப் போகும் டோங்கிப் படகின் பெயிண்டும் என்ஜின் புகையும் உன் புட்டிக்குள் புக எந்நேரமும் காத்திருக்கும்.

அமெரிக்காவில் கிளேர் பேட்டர்சன் என்பவர் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதை நிர்ணயிக்க முற்பட்டபோது, அவருடைய அளவுகளைக் குலைத்தது கல்லில் இருந்த ஈயம் அல்ல. ஆய்வுக்கூடத்தின் காற்றிலும் கண்ணாடியிலும் அமிலத்திலும் மனிதர் உடையிலும் படிந்திருந்த ஈயம். அதை ஒவ்வொன்றாகத் துரத்தி அறையையே தூய்மையாக்கிய பின்னர்தான் 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்ற எண்ணை அவரால் உறுதியாக வெளியிட முடிந்தது. பிறகு அதே சிரத்தையோடு கடல் நீரையும் பனிப்பாறைகளையும் அளந்தபோது, தமக்கு முன் பலர் வெளியிட்டிருந்த அளவுகள் கடலின் ஈயத்தை அல்ல, அவரவர் ஆய்வுக்கூடத்து ஈயத்தையே காட்டின என்பதும், பெட்ரோலில் கலந்த ஈயம் உலகெங்கும் பரவி வருகிறது என்பதும் அவருக்குத் தெளிவாயின. ஈயமில்லாப் பெட்ரோல் இந்தியா முழுதும் நடைமுறைக்கு வந்தது 2000-ஆம் ஆண்டில். அதற்குப் பின்னே நின்ற விஞ்ஞானம் ஒரு மனிதர் தம் வெறுமைப் புட்டி வெறுமையானது என்று நம்ப மறுத்ததிலிருந்து வளர்ந்தது.

மாசைத் துரத்துவது பாதி வேலைதான் அம்மா. துரத்தத் துரத்தப் போகாமல் நிற்பது எது என்று பார்ப்பது மற்றப் பாதி. இதற்கு நம்மவர்களின் சரித்திரத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சந்திரசேகர வேங்கட ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் வெறும் பிரதிபிம்பம் அல்ல, நீரே ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு என்று ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கொண்டு கப்பல் தளத்திலேயே சோதித்தார். கல்கத்தாவில் அவரிடம் ஆராய்ச்சி செய்த கே.ஆர். ராமநாதன், 1923-இல் தண்ணீரில் சிதறிய ஒளியை ஆராய்கையில், உட்புகுந்த நிறத்தில் இல்லாத வேறொரு நிறத்தின் மங்கிய சுவட்டைக் கண்டார். தண்ணீரிலுள்ள ஏதோ அசுத்தத்தின் ஒளிர்வாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எழ வேண்டியதும் அதுவே. நீரை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கினார்கள். அசுத்தத்தால் வந்ததாயின் அச்சுவடு தேய வேண்டும், தேயவில்லை.

பிறகு வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அந்த வேலையைத் தொடர்ந்தார். திரவங்களை வெற்றிடத்தில் மெல்ல மெல்லக் காய்ச்சி வடித்துத் தூசு துகள் அற்றனவாக்கி, அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களில் பார்த்தபோதும் அது எல்லாவற்றிலும் இருந்தது. சூரிய ஒளியின் வழியில் ஒரு வடிகட்டிக் கண்ணாடி, சிதறிய ஒளியின் வழியில் அதற்கு மாறான இன்னொரு கண்ணாடி. ஒன்று விடுவதை மற்றது தடுக்கும். ஆயினும் கண்ணுக்கு ஒளி வந்தது. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி பாதரச விளக்கின் முன் நிறமாலைக் காட்டியை வைத்துப் பார்த்தபோது, மங்கிய அந்த ஒளி தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் அதிர்வுகளுக்கேற்ற கோடுகளைத் தருகிறது என்பதால், இன்று லேசர் ஒளியோடு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நிற்கும் ராமன் நிறமாலைமானி அந்தக் கோடுகளின் வழி வந்ததே. நீரை மறுபடியும் வடிக்கச் சோம்பியிருந்தால் அந்தச் சுவடு அசுத்தம் என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். வடிக்காமலே புதுமை என்று பறைசாற்றியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர்களிடம் இருந்தவை மிக எளிய உபகரணங்கள். தூய்மையில் மட்டும் அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை.

இதெல்லாம் மேதைகளின் கதை, நமக்கு எதற்கு என்று நினைத்துவிடாதே. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது; உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி பாதரசத்தோடு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்ட பிறகு ஏற்பட்ட முடிவு அது. ஏரியில் பாதரசம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஹைதராபாத் ஆய்வாளர்கள் அளந்து விடை கண்டு 2006-இல் வெளியிட்டார்கள்: கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்குச் சில நூறு நானோகிராம் பாதரசம். அந்த எண் மட்டும் தனியே நின்றிருந்தால், மலைப் பிரதேசத்து ஏரிகளில் இயல்பாகவே அவ்வளவு இருக்கும் என்று யாரும் வாதிட்டிருக்கலாம். அவர்கள் பேரிஜம், கூக்கல் ஏரிகளின் நீரையும் அளந்தார்கள்; அங்கே வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த ஒப்பீடுதான் எண்ணுக்கு நாவைக் கொடுத்தது. தொழிலாளர் குடும்பங்களின் ஆரோக்கியமும் ஓர் ஊரின் குடிநீரும் ஒரு பகுப்பாய்வாளரின் சிரத்தையைச் சார்ந்து நிற்கும் காலம் வரும்; உனக்கும் வரலாம்.

இனி அன்றாட வேலைக்குச் சில வார்த்தைகள். அளவுத்திருத்தக் கோட்டை நீயே போடு. யந்திரத்தின் கணினியில் முன்பு யாரோ போட்டு வைத்த கோட்டை நம்பாதே. உன் மாதிரி, மிக அடர்ந்த திட்டக் கரைசலையும் தாண்டிப் போனால், கோட்டை நீட்டிக் கணக்குப் பார்க்காமல் மாதிரியை நீர்த்து மறுபடியும் அள; உயரே போகப் போகக் கோடு வளையும். உப்பு நீரைப் போலக் கலப்பு மிகுந்த மாதிரியானால், அதிலேயே தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து, சேர்த்தது முழுவதும் திரும்ப வருகிறதா என்று பார். வராவிடில் சேர்க்காத போது வந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. குவெட்டின் தெளிந்த பக்கத்தை விரலால் தொடாதே. ஒத்துவராத அளவீட்டைக் காரணம் காணாமல் அடிக்காதே. குறிப்பேட்டில் மையால் எழுது, தாளைக் கிழிக்காதே. கருவியறையில் நெடுங்காலமாக வேலை செய்யும் உதவியாளர் இருப்பார். சுடர் எந்த நாளில் தடுமாறும், விளக்கு எத்தனை நேரம் சூடேற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரிடம் மரியாதையோடு கேட்டுக் கற்றுக்கொள்.

உன் விடுதிக்கு அருகிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அழகப்பச் செட்டியார் மனமுவந்து கொடுத்ததால், 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் அது. உன் பேராசிரியரின் அனுமதி பெற்று ஒரு முறை போய், மின்முனைகளை அங்கே எப்படித் தேய்த்து மெருகேற்றித் தயார் செய்கிறார்கள் என்பதைப் பார்த்து வா. அளப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகும் வேலைக்குத் தயாரிப்பு ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வதைக் கண்ணால் காண்பாய்.

கோடை விடுமுறைக்கு வரும்போது, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாலிதீன் புட்டிகள் ஒரு டஜன் கொண்டு வா. மழைக்காலம் தொடங்குமுன் நம் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு, கரையோரக் கிணறு ஒன்று ஆகிய மூன்றிலும் நீர் பிடிக்கலாம். மழை விட்ட பின் அதே கிணறுகளில் நான் பிடித்து அனுப்புகிறேன். புது பிளாஸ்டிக் வாளியும் நைலான் கயிறும் வாங்கி வைக்கிறேன். அமிலத்தையும் வெறுமைப் புட்டிக்கு வேண்டிய காய்ச்சி வடித்த நீரையும் நீயே அங்கிருந்து கொண்டுவர வேண்டும். அமிலத்தைக் கப்பலில் எடுத்து வருவதற்கான விதிமுறைகளை டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாத்தா