வேலியில் என்ன நடலாம்?

உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இது நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்காக் கண்டத்துச் செடி. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். அழகுக்கும் வேலிக்கும் நட்டார்கள்.

அது வேலியோடு நின்றதா? நிற்கவில்லை. பழத்தைப் பறவைகள் தின்றன. எச்சத்தோடு விதை விழுந்தது. விழுந்த இடத்தில் முளைத்தது. வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்த்தது. இன்று இமயமலை அடிவாரம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரை பரவியிருக்கிறது. அது மண்டிய இடத்தில் புல் குறைந்துவிடும்.

உண்ணி இலையில் நஞ்சு உண்டு. மாடு பொதுவாக அதைத் தொடாது. பஞ்ச காலத்தில் பசியால் தின்றுவிடும். அப்போது ஈரல் கெடும். வெயில் பட்ட தோல் புண்ணாகும். மாடு இறந்தும் போகலாம்.

நட்டவர் ஒருவர். நட்டம் அடுத்தவருக்கு. பிறகு சண்டைதான்.

எதை நடலாம்?

நொச்சி, ஆடாதோடை நல்லவை. ஆடு மாடு இவற்றை மேயாது. நொச்சி இலையைக் காயவைத்துத் தானியத்தோடு போட்டால் பூச்சி குறையும். ஆடாதோடைத் தழை வயலுக்கு உரம். முள்வேலி வேண்டுமா? கிளுவை நடலாம். அதன் தழையை ஆட்டுக்குப் போடலாம்.

எப்படி நடுவது?

1. முதலில் பக்கத்துக்காரரிடம் பேசுங்கள். "அண்ணே, எல்லையிலே நொச்சி நடப்போறேன். ஒரு நடை வந்து பாருங்க" என்று கூப்பிடுங்கள்.

2. இருவரும் சேர்ந்து எல்லைக் கல்லைப் பாருங்கள். கயிறு பிடியுங்கள்.

3. கயிற்றிலிருந்து 2 அடி உங்கள் பக்கம் தள்ளி நடுங்கள். செடி படர இடம் வேண்டும். எல்லைக் கல் மறையக் கூடாது.

4. மழை தொடங்கும்போது முற்றிய குச்சிகளை நடுங்கள். குச்சிக்குக் குச்சி 1 அடி இருக்கட்டும்.

5. ஆண்டுக்கு இருமுறை கிளைகளை வெட்டிவிடுங்கள். யார் வெட்டுவது, தழை யாருக்கு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வேலியில் ஏற்கெனவே உண்ணிச்செடி இருக்கிறதா? காய்க்கும் முன் வேரோடு தோண்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தோண்டினால் போதாது. மறுபக்கத்திலிருந்து மீண்டும் வரும். இரு வீட்டாரும் ஒரே நாளில் மண்வெட்டி எடுக்க வேண்டும்.

பேசுங்கள்

உண்ணிச்செடி எப்படிப் பரவியது?
எல்லையிலிருந்து தள்ளி நடுவது ஏன்?
உங்கள் ஊரில் வேலிச் சண்டை வந்ததுண்டா? எப்படித் தீர்ந்தது?