காதுகொடுக்க வரும் புதியவர்களுக்கு

பனியன் கம்பெனி விடுதிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் அடுத்த வாரத்திலிருந்து போகப்போகிறீர்கள். மனம் நொந்தவர்களின் பக்கத்தில் உட்காருகிற வேலை. பல வருஷம் இதையே செய்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா.

1. இரண்டு பேரைத் தெரிந்துகொண்டு போங்கள். எட்வின் ஷ்னைட்மன், அமெரிக்க மருத்துவ உளவியலாளர். உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் எழுதிவைத்த கடிதங்கள் 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் மரண விசாரணை அலுவலகத்துக் கோப்புகளில் நூற்றுக்கணக்கில் அவர் கண்ணில் பட்டன. மூடிவைக்காமல் எடுத்து ஆராய்ந்தார். இவர்கள் தேடியது சாவை அல்ல, பொறுக்கவே முடியாத மனவலிக்கு ஒரு முடிவை என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது. 1958இல் அதே ஊரில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொருவர் நம் டாக்டர் லட்சுமி விஜயகுமார், மனநல மருத்துவர். 1986இல் சென்னையில் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். அங்கே போனை எடுப்பவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். நீங்களும் நானும் இதைச் செய்யலாம் என்ற தைரியம் எனக்கு அங்கிருந்து வந்தது.

2. புத்தி சொல்லாதீர்கள். என் முதல் வருஷத்தில் ஓவர்லாக் ஓட்டும் பெண் ஒருத்தி விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினாள். பேசப் பேச, துப்பட்டாவில் ஒட்டிய பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் படியில் வரிசையாக வைத்தாள். அவசரப்பட்டு, “அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு சாமி” என்றேன். விரல் நின்றது. “சரிக்கா” என்று எழுந்து போய்விட்டாள். மூன்று வாரம் என் கண்ணில் படவேயில்லை. வீட்டுக் கடனுக்குச் சம்பளம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். அவளை அழுத்திய பாரத்தையே எடுத்து மறுபடி தலையில் வைத்திருக்கிறேன். அந்தப் பிசிறு வரிசை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

3. சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: “செத்துரலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்டதும் பலருக்கு மூச்சு விட முடிகிறது.

4. தொழிலைத் தெரிந்துகொள்ளுங்கள். பீஸ் ரேட்டா, ஷிப்ட் கூலியா, சனிக்கிழமை கையில் எவ்வளவு வந்தது, டேமேஜுக்கு யார் திட்டினார்கள். அழுகை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒடியா, இந்தி பேசுகிறவர்களுக்கு அவர்கள் மொழி தெரிந்த துணையைத் தேடுங்கள். சூப்பர்வைசரும் ஏஜெண்டும் அந்தத் துணை ஆகக்கூடாது.

5. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருக்கட்டும். சாகத் தோன்றும் அந்த வேகம் தணிகிறவரை தாக்குப்பிடித்துவிட்டால் பல உயிர் தங்கும். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப்பெட்டியில் வைக்க லட்சுமி விஜயகுமார் குழு ஏற்பாடு செய்தது, தற்கொலை குறைந்தது. தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகாமல் உடனே துணைத்தேர்வு வைக்கச் சொல்லிப் போராடியதும் ஸ்நேகாதான். வேகத்தைத் தணிக்க அதுவும் ஒரு வழி.

6. கேட்டது வெளியே போகக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு: தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, கூப்பிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டுக்காரர்கள் மறைப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்வதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

7. கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு தூங்கப் போகாதீர்கள். பெயர் சொல்லாமல் நம் குழுவில் யாரிடமாவது இறக்கிவையுங்கள். எனக்குக் கூப்பிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஆனாலும் எடுப்பேன்.