டென்ஷன் புல்லி பேரிங்: எந்த வளையத்தில் அடிப்பது?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் - மேச்சேரி)



எங்கள் மேச்சேரிப் பக்கம் செம்மண் பூமி. மானாவாரியில் நிலக்கடலை, சோளம். கிணறு இருப்பவர்களுக்கு மரவள்ளி, பருத்தி. பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லாத துண்டுக் காடுகளில் பவர் டில்லர்தான் உழும். எங்கள் அப்பா ஒரு பழைய டில்லரை வாடகைக்கு ஓட்டுகிறார். என் பரீட்சைப் பணமும் அதிலிருந்துதான் வருகிறது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல். போன ஆடியில் டில்லர் 'கிர்ர்' என்று கத்த ஆரம்பித்ததும், "மெக்கானிக் எதுக்கு? நம்ம தம்பி படிக்கிறான்ல, அவனே பாப்பான்" என்று அப்பா டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார்.

டில்லரில் என்ஜின் புல்லியிலிருந்து கிளட்ச் புல்லிக்கு வி-பெல்ட்டுகள் மூலம் சக்தி போகிறது. பெல்ட் தளராமல் அழுத்திப் பிடிப்பது டென்ஷன் புல்லி. சத்தம் அங்கேதான். என்ஜினை நிறுத்தி, பெல்ட் மூடியைக் கழற்றி, பெல்ட்டை இறக்கிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றினேன். மணல் அரைப்பது மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஆட்டினால் ஆடியது. (ஓடும் என்ஜினில் கை வைத்துப் பார்க்கவே கூடாது. லுங்கியோ தோள் துண்டோ பெல்ட்டில் சிக்கினால் முடிந்தது கதை.)

புல்லிக்குள் இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய். பேரிங்கில் 6204 என்று இருந்தது. நம் பாடத்தில் படித்ததுதான்: 6 என்றால் ஒற்றை வரிசை ஆழ்பள்ள பந்து பேரிங், 2 அளவு வரிசை, கடைசி 04-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்துளை 20 மி.மீ. வெளிவிட்டம் 47, அகலம் 14. கடையில் 6304 எடுத்துக் கொடுத்தால் ஏமாறாதீர்கள். அதுவும் 20 மி.மீ. அச்சில் போகும், ஆனால் வெளிவிட்டம் 52. எங்கள் செம்மண் தூசிக்கு இரும்புத் தகடு மூடிய ZZ-ஐ விட இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2RS நல்லது.

இது வரைக்கும் எல்லாம் சரி. மாட்டும்போதுதான் கெடுத்தேன். 'பேரிங்கை அடிப்பதானால் உள்வளையத்தில் குழாயை வைத்து அடி' என்று எப்போதோ மனப்பாடம் செய்தது தலையில் நின்றது. அப்படியே புல்லிக்குள் அடித்து இறக்கினேன். ஒன்பதாம் நாள், சீசன் உச்சத்தில், பழையதை விடப் பெரிதாகக் கத்தியது. அப்பா திட்டவில்லை. "ஏன் தம்பி, நீ மாட்டுனதுதான மறுபடி கத்துது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணன் ஐந்தாவது வரைதான் படித்தவர். கழற்றிப் பார்த்தவுடன், "எந்த வளையம் டைட்டோ அதுல அடிக்கணும் சாமி" என்றார். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்து ஏன் என்று பார்த்தேன்.

சாதாரண ஷாஃப்டில் உள்வளையம் சுற்றுகிறது, சுமை ஒரே திசையில் இழுக்கிறது. சுற்றும் வளையம் லூஸாக இருந்தால் தன் இருப்பிடத்தில் மெல்ல நழுவி அதைத் தேய்த்துவிடும். அதனால் உள்வளையம் ஷாஃப்டில் டைட். டென்ஷன் புல்லியில் இது தலைகீழ். அச்சு நிற்கிறது, புல்லிதான் சுற்றுகிறது. ஆகவே வெளிவளையம் புல்லியில் டைட், உள்வளையம் அச்சில் கையால் நுழையும் அளவு. நான் உள்வளையத்தில் அடித்த ஒவ்வொரு அடியும் பந்துகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போயிருக்கிறது. பந்து ஒவ்வொன்றும் ஓடுபாதையில் ஒரு குழி பதித்துவிட்டது. மாட்டும்போதே செத்த பேரிங் அது.

இரண்டாம் முறை சுத்தியலே எடுக்கவில்லை. அம்மாவின் அலுமினியக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெறும் புல்லியை அதில் போட்டார் அண்ணன். வார்ப்பிரும்பு டிகிரிக்குச் சுமார் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். 47 மி.மீ. துளை, 70 டிகிரி சூடு ஏறினால் 0.036 மி.மீ. பெரிதாகும். அவ்வளவு போதும். துணியால் துடைத்து, வெளிவளையத்தில் மட்டும் கட்டையை வைத்து அழுத்தினோம், இறங்கிவிட்டது. ஸ்பேசரை மறக்கக் கூடாது. அது இல்லாமல் நட்டை முறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, பந்துகள் பக்கவாட்டில் இறுகும்.

முதல் பேரிங் ஏன் போனது? பாதிப் பழி பெல்ட்டுக்கு. வழுக்காமல் இருக்கட்டும் என்று அப்பா வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுவார். பந்து பேரிங்கின் ஆயுள் சுமையின் முக்கனத்துக்கு எதிர்விகிதம். சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. மீதிப் பழி மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதற்கு. சீலைத் தாண்டித் தண்ணீர் போய் கிரீஸைக் கெடுத்துவிடுகிறது.

பேரிங் கதையிலும் ஒரு ஆலை உண்டு. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு துணி ஆலைப் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட். களிமண் தரை அமிழ்ந்து ஷாஃப்டுகள் கோணி, பேரிங்குகள் அடிக்கடி போயின. அதற்காக அவர் கோணலுக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும் பந்து பேரிங்கை 1907-இல் உருவாக்கினார். எஸ்.கே.எஃப். கம்பெனி பிறந்ததும் அதே ஆண்டுதான். நம் சேலத்துத் தறிக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது அன்றாடப் பாடு.

அந்த ஒன்பது நாள் பேரிங்கைத் தூக்கிப் போடவில்லை. சீலைப் பெயர்த்துக் கழுவி, ஹாஸ்டல் மேஜையில் வைத்திருக்கிறேன். விரலில் மாட்டிச் சுற்றினால் சம தூரத்தில் டக், டக் என்று தட்டும். ஜூனியர்கள் யாராவது கேட்டால் காட்டுகிறேன்.