வீட்டில் ஓடும் புரோகிராம் சர்வரில் நிற்பது ஏன்?

எம்.ரெட்டியபட்டியில் வீட்டிலிருந்தபோது பைத்தான் மொழியில் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினேன். 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். மெய்ப்புள்ளியையும் இகரக் கொக்கியையும் தனித்தனியாக எண்ணிவிடும். ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பைச் சேர்த்தால் சரியாக 3 கிடைக்கும். (தொகுப்பு என்பது ஒருவர் எழுதி வைத்து மற்றவர் பயன்படுத்தும் புரோகிராம் பகுதி.) கூடவே நானே எழுதிய தொகுப்பு ஒன்றையும் சேர்த்தேன். அருமையாக ஓடியது.

புரோகிராமை மாற்றும்போதெல்லாம் ஒரு சர்வர் அதை முதலிலிருந்து உருவாக்கிச் சோதிப்பதற்குக் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன் என்று பெயர். அந்த சர்வர், "தொகுப்பு இல்லை" என்று நின்றுவிட்டது. ஓப்பன்-தமிழ், பைபிஐ என்ற பொதுக் கிடங்கில் இருக்கிறது. என்னுடையது என் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே! சர்வருக்கு அது எப்படித் தெரியும்?

தொகுப்பை 'வீல்' பைலாக மாற்றி, புரோகிராம் போல்டரிலேயே வைக்கலாம். அல்லது கிட் முகவரியையும் கமிட் எண்ணையும் தேவைப் பட்டியலில் எழுதலாம். நான் செய்தது இரண்டாவது. கமிட் எண்ணை விட்டுவிட்டால் நாளை செய்யும் மாற்றமும் தானாக உள்ளே வந்துவிடும்.

பெயரை மட்டும் எழுதுவது ஆபத்து. 2020-ல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், நிறுவனங்கள் வெளியிடாத தொகுப்புகளின் பெயரிலேயே பொதுக் கிடங்குகளில் தொகுப்புகளைப் போட்டுப் பார்த்தார். ஆப்பிள், மைக்ரோசாப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் அவருடையது ஓடியது! நல்லவேளை, அவர் சோதனைக்காகவே செய்து, அந்நிறுவனங்களுக்கும் தெரிவித்துவிட்டார். உங்கள் தொகுப்பின் பெயர் பைபிஐயில் ஏற்கெனவே இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.